ஸாமென்ஹோஃபைத் தோற்கடித்த மொழி

1870-களில் வார்சா ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த ஊர். தெருப் பலகைகளில் ரஷ்ய மொழி. உயர்நிலைப் பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்திருந்த லுட்விக் ஸாமென்ஹோஃப் அந்தப் பலகைகளைப் பல தடவை பார்த்தவர்தான். ஒருநாள் 'ஷ்வெய்த்ஸார்ஸ்கயா' என்ற பலகை அவர் கண்ணை நிறுத்தியது. வாயில்காப்பவர் அறை என்று பொருள். அப்புறம் இன்னொரு பலகை, 'கந்தீத்தெர்ஸ்கயா'. அது மிட்டாய்க்கடை. இரண்டு சொல்லுக்கும் ஒரே வால், 'ஸ்கயா'. எஸ்பெராண்டோ என்ற மொழி அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தது.

பிற்பாடு பரோவ்கோ என்ற ரஷ்ய அன்பருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார். ஸாமென்ஹோஃப் பிறந்தது 1859-இல், பியாவிஸ்தோக் என்ற ஊரில். இன்று அது போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். ஒரே ஊரில் ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நான்கு கூட்டம், நான்கு பேச்சு, ஒருவரை ஒருவர் ஆகாது. பொதுவாக ஒரு மொழி இருந்தால் இந்தப் பகை தணியும் என்று சிறுவயதிலேயே அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த நம்பிக்கை சரியா என்பது வேறு விஷயம். ஒரே மொழி பேசுகிற அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொள்வதை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. ஆனால் பையன் வேலையில் இறங்கிவிட்டார்.

இலக்கணம் அவரை அதிகம் படுத்தவில்லை. பள்ளியில் ஆங்கிலம் படித்தபோது, வேற்றுமை உருபும் வினைத் திரிபும் குவியல் குவியலாக இல்லாமலேயே ஒரு மொழி ஓடும் என்று கண்டுகொண்டார். பயமுறுத்தியது அகராதிதான். சின்னச் சின்ன அசைகளைச் செயற்கையாகக் கோத்துச் சொற்களாக்கிப் பார்த்தார்; தான் உண்டாக்கிய சொல் தனக்கே நினைவில் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான சொற்களை எவன் மனப்பாடம் செய்வான் என்று மலைத்திருந்த நேரத்தில்தான் மிட்டாய்க்கடைப் பலகை வந்தது. வேர்ச்சொல் கொஞ்சம், ஒட்டுகள் கொஞ்சம், மீதியைப் பேசுகிறவனே பண்ணிக்கொள்ளட்டும்.

எப்படிப் பண்ணிக்கொள்வது? 'ஏய்' என்பது இடத்தைக் குறிக்கும் ஒட்டு. 'குயிரி' என்றால் சமைப்பது, 'குயிரேயோ' சமையலறை. 'லெர்னி' கற்பது, 'லெர்னேயோ' பள்ளிக்கூடம். 'ப்ரெஜி' வழிபடுவது, 'ப்ரெஜேயோ' வழிபடும் இடம். கடைசியில் வரும் 'ஓ' பெயர்ச்சொல்லின் அடையாளம். 'ஆ' வந்தால் பெயரடை, 'ஏ' வந்தால் வினையடை, 'இ' வந்தால் வெறும் வினை. 'ஆஸ்' நிகழ்காலம், 'இஸ்' இறந்தகாலம், 'ஓஸ்' எதிர்காலம். நான், நீ, அவள், அவர்கள் யாராக இருந்தாலும் வினை மாறாது. அந்த மிட்டாய்க்கடையையும் இந்த மொழியில் சொல்லிவிடலாம்: 'ஸுக்கெரோ' சர்க்கரை, அதனால் செய்த பண்டம் 'ஸுக்கெராஜோ', அது விற்கும் இடம் 'ஸுக்கெராஜேயோ'.

1878 டிசம்பரில், அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பும் சமயத்தில், பள்ளித் தோழர்கள் மேஜையைச் சுற்றிக் கூடி, கேக் வைத்து, மொழியின் முதல் வடிவத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். பள்ளி முடிந்ததும் தோழர்கள் நழுவிவிட்டார்கள். ஸாமென்ஹோஃப் மருத்துவம் படிக்க மாஸ்கோ போனார். அப்பாவிடம் ஒப்படைத்திருந்த காகிதக் கட்டை அப்பாவே எரித்துவிட்டார் என்பது எஸ்பெராண்டோ வரலாறுகளில் தவறாமல் வரும் கதை. திரும்பி வந்தவர் மறுபடி எழுதினார். இந்த இரண்டாம் சுற்றில்தான் மொழி தேறியது என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் இப்போது அவர் விதி போடுவதை நிறுத்திவிட்டு மொழிபெயர்க்க ஆரம்பித்தார், கவிதை எழுதினார், அதிலேயே யோசித்துப் பார்த்தார். காகிதத்தில் அழகாக இருந்த பல விதிகள் வாயில் இடறின. இடறியதை வெட்டினார்.

கண் மருத்துவர் ஆனபிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷம் பதிப்பாளர்களிடம் அலைந்தார். ஒருவரும் தொடவில்லை. கடைசியில் வருங்கால மாமனார் சில்பெர்னிக் கொடுத்த பணத்தில் 1887 ஜூலை 26 அன்று வார்சாவில் ரஷ்ய மொழியில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. அடுத்த மாதம் கல்யாணம். ஆசிரியர் பெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ'. நம்பிக்கையோடு இருப்பவர் என்று அர்த்தம். மொழிக்கு அவர் வைத்த பெயர் வெறும் 'சர்வதேச மொழி'தான். ஜனங்கள் புனைபெயரையே மொழிக்குச் சூட்டிவிட்டார்கள். பதினாறு விதிகள், ஏறக்குறைய தொள்ளாயிரம் வேர்கள், கொஞ்சம் மொழிபெயர்ப்பு, சில கவிதைகள். கூடவே வெட்டி அனுப்பும் உறுதிமொழிச் சீட்டுகள்: ஒரு கோடி பேர் கற்பதாக உறுதி கூறினால் நானும் கற்பேன் என்று. ஒரு கோடிச் சீட்டு வரவில்லை. 1889-இல் அவர் வெளியிட்ட முகவரிப் பட்டியலில் இருந்தது ஆயிரம் பெயர்.

ஆனால் அந்த நூலில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எந்த நாட்டு மொழியும் போல இதுவும் பொதுச் சொத்து, ஆக்கியவனுக்கு இதில் உரிமை எதுவும் கிடையாது என்று அறிவித்திருந்தார். அந்தக் காலத்தில் இது லேசான அறிவிப்பு இல்லை. அவருக்கு முன்னால் 1879-80 வாக்கில் ஜெர்மன் பாதிரியார் ஷ்லையர் 'வோலப்யூக்' என்றொரு மொழியைக் கட்டி, ஐரோப்பா முழுக்க அதற்குச் சங்கங்கள் முளைத்திருந்தன. 1889-இல் பாரிஸில் கூடிய மாநாடே வோலப்யூக்கில் நடந்தது. சீர்திருத்தம் வேண்டும் என்று அதன் அகாதெமி கேட்டபோது, கடைசிச் சொல் என்னுடையது என்று பாதிரியார் பிடிவாதம் பிடித்தார். மொழி சில வருஷங்களில் சிதறிப்போயிற்று. ந்யூரம்பெர்க்கில் இருந்த வோலப்யூக் சங்கம் அப்படியே எஸ்பெராண்டோ பக்கம் தாவியது. உரிமையைக் கைவிட்டது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது ஸாமென்ஹோஃபுக்கு அப்போது தெரிந்திருக்கும். அது தன் மேலேயே திரும்பும் என்பது தெரிந்திருக்காது.

திரும்பிய கதையை 'ன்' என்ற ஒற்றை எழுத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

'லா ஹுண்டோ மோர்டிஸ் லா வீரோன்' என்றால் நாய் மனிதனைக் கடித்தது. 'லா வீரோன் மோர்டிஸ் லா ஹுண்டோ' என்று மாற்றிப் போட்டாலும் கடித்தது நாய்தான். 'வீரோ'வின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ன்'தான் கடிபட்டவனைக் காட்டுகிறது. நமக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. நம் 'ஐ' இதைத்தான் செய்கிறது. சொல் வரிசையே இலக்கணமாகப் பழகிய பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் இது முள். நமக்கு வேறொரு இடத்தில் முள் குத்தும்: பெயரடையும் பன்மையையும் உருபையும் ஏற்க வேண்டும். அழகான பூக்களைப் பார்க்கிறேன் என்பதற்கு 'மி விடாஸ் பெலாய்ன் ஃப்ளோரோய்ன்'. 'அழகான'வுக்கு எதற்கு ஒரு 'களை' என்று நம் வாய் கேட்கும்.

'ன்' பிறந்த அடுத்த வருஷமே ஒரு தகராறு. கேள்வி, சுட்டுச் சொற்களை ஸாமென்ஹோஃப் ஓர் அட்டவணையாக அடுக்கியிருந்தார். முன்னால் ஐந்து, பின்னால் ஒன்பது, பெருக்கினால் நாற்பத்தைந்து சொல். 'கீ' கேள்வி, 'தீ' சுட்டு: 'கீயே' எங்கே, 'தீயே' அங்கே, 'கீயோ' என்ன, 'தீயோ' அது. எங்கே–அங்கே, எது–அது, எப்போது–அப்போது என்று வளர்ந்தவர்களுக்கு இந்த அட்டவணை ஒரே பார்வையில் பிடிபடும். 1887 நூலில் 'அப்போது' என்பதற்கு 'தீயான்' என்று வைத்திருந்தார். 'தீயா' என்றால் 'அப்படிப்பட்ட'; அதோடு 'ன்' உருபு சேர்ந்தாலும் 'தீயான்'. ஒரே சொல், இரண்டு பொருள். வாசகர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1888-இல் வெளியிட்ட ஒரு சிறு பின்னிணைப்பில் 'தீயான்' 'தீயாம்' ஆயிற்று, 'கீயான்' 'கீயாம்' ஆயிற்று. காலச் சொற்கள் வழிவிட்டன, 'ன்' நின்றது. மொழியைப் படைத்தவர் தன் கையால் செய்து, நிலைத்தும்விட்ட திருத்தம் இது.

அடுத்த திருத்தம் நிலைக்கவில்லை. 1894-இல், சந்தாதாரர்களின் நச்சரிப்பும், இயக்கத்தின் பத்திரிகைக்குப் பணம் போட்டவரின் வற்புறுத்தலும் சேர, ஸாமென்ஹோஃபே ஒரு பெரிய சீர்திருத்தத் திட்டத்தைப் பத்திரிகையில் போட்டார். 'ன்' போகட்டும், பெயரடை இணக்கம் போகட்டும், மேலே தொப்பி மாதிரிக் குறி வைத்த எழுத்துகள் போகட்டும், அட்டவணையும் போகட்டும். வாசகர்கள் வாக்களித்தார்கள். பெரும்பாலோர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். தகப்பன் கழுத்தைத் திருகத் தயாராக இருந்தும், 'ன்'னைப் பிழைக்கவைத்தவர்கள் அதைச் சிரமப்பட்டுக் கற்ற சில நூறு பேர். சிரமப்பட்டதாலேயே விடவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஏறிய படியை யாருக்குத்தான் இடிக்க மனம் வரும்? ஸாமென்ஹோஃப் வாதாடவில்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு பழைய மொழியிலேயே எழுதப் போய்விட்டார்.

1905-இல் பிரான்ஸின் கடற்கரை ஊரான பூலோன்-சூர்-மேரில் முதல் உலக மாநாடு. 20 நாடுகளிலிருந்து 688 பேர். அதுவரை கடிதத்திலும் பத்திரிகையிலும் மட்டும் பார்த்த மொழியை இத்தனை நாட்டு வாய்கள் ஒரே கூடத்தில் பேசின, புரிந்தது. அங்கே 'ஃபுண்டமென்டோ' என்ற அடிப்படை நூலைத் தொடக்கூடாதது என்று முடிவுசெய்தார்கள்: பதினாறு விதி, பயிற்சிப் பாடங்கள், சொற்பட்டியல். அச்சுப்பிழையை மட்டும் திருத்தினேன், சொல்லின் மொழிபெயர்ப்பு சரியில்லாமல் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டேன் என்று முன்னுரையிலேயே எழுதிவைத்தார் ஸாமென்ஹோஃப். ஆனால் அதே முன்னுரையில் ஒரு கதவு: பழைய சொல்லை நீக்கக்கூடாது, பக்கத்தில் புதுச் சொல் வரலாம், பழையது தானாக வழக்கொழியட்டும்.

இரண்டு வருஷத்தில் பெரிய சோதனை. உலகப் பொதுமொழியைத் தேர்ந்தெடுக்க, தத்துவ அறிஞர் லூயி கூத்யுரா முன்னின்று கூட்டிய குழு 1907-இல் பாரிஸில் கூடியது. எஸ்பெராண்டோவுக்காகப் பேசப் போனவர் லூயி த போஃப்ரோன். குழுவின் முன்னால் பெயர் சொல்லாத ஒருவரின் திட்டம் வந்தது, 'இதோ' என்ற புனைபெயரில். தொப்பி எழுத்து இல்லை, பெயரடை இணக்கம் இல்லை, செயப்படுபொருள் முன்னால் வந்தால் மட்டும் 'ன்'. எஸ்பெராண்டோவுக்காகப் பேசப்போன போஃப்ரோனே, நான்தான் அந்த 'இதோ' என்று மறுவருஷம் அறிவித்தார். 'இத்' என்பது எஸ்பெராண்டோவில் வாரிசைக் குறிக்கும் ஒட்டு; எதிராளி தன் பெயரையே ஸாமென்ஹோஃபின் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டுபோனார். தலைவர்களில் பலர் அந்தப் பக்கம் போனார்கள், சாதாரண உறுப்பினர்கள் பெரும்பாலும் அசையவில்லை. 1894-இல் ஸாமென்ஹோஃப் தானே சொன்னதையும் 'இதோ' சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல இடங்களில் ஒத்துப்போகிறது. ஆக, இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டது ஏறக்குறைய ஒரே திட்டம்.

மேடையில் இவ்வளவு ரகளை நடந்துகொண்டிருக்க, ஒலியில் ஒரு காரியம் யாரும் வாக்களிக்காமலேயே நடந்தது. எஸ்பெராண்டோவுக்கு 28 எழுத்து, எழுத்துக்கு ஒரு ஒலி, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில். உயிர் ஐந்துதான். மெய்களில் ஸாமென்ஹோஃபின் சொந்த ஊர்க் காது தெரிகிறது: 'த்ஸ', 'ஷ', இரண்டு வகை 'ஜ' என்று ஸ்லாவிய மொழிகளின் உரசொலிகள் வரிசைகட்டி நிற்கும். 'தெரிவது' என்ற எளிய வினைக்கு 'ஸ்த்ஸீயி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். உலகத்துக்குப் பொதுவான மொழி என்றால் முதல் பாடத்திலேயே நாக்கை இப்படியா முறுக்குவது? இவற்றில் ஐந்து மெய்கள் தொப்பி வைத்தவை, 'உ'வின் குறுக்கத்துக்கு மேலே ஒரு வளைகோடு. பல அச்சகங்களில் அந்த வார்ப்பு இருக்கவில்லை. இல்லாவிட்டால் பக்கத்தில் 'ஹெச்' போட்டுக்கொள்ளுங்கள் என்று ஸாமென்ஹோஃப் சொன்னார். கணினி வந்தபிறகு ஜனங்கள் 'எக்ஸ்' போட்டுக்கொண்டார்கள். யூனிகோடு வந்த பின்தான் அந்த அவதி தீர்ந்தது. இத்தனைக்கும் அந்த மொழியில் தொப்பிக்குப் பெயர் 'சாபெலோ'. அதை எழுதவே முதல் எழுத்தின் மேல் ஒரு தொப்பி வைக்க வேண்டும்.

அந்த ஐந்தில் ஒன்று மெலிந்துபோனது. தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலி. நம் ஆய்தத்தை இன்னும் பின்னால் தள்ளி உரசினால் கிட்டத்தட்ட அது. இங்கே 'ஃக' என்று எழுதுகிறேன். வேதியியல் 'ஃகெமீயோ'வாக இருந்தது, பேசுகிறவர்கள் 'கெமீயோ' ஆக்கினார்கள். 'தெஃக்னீகோ' 'தெக்னீகோ' ஆயிற்று. கட்டடக்கலை, இயந்திரவியல் எல்லாம் இதே வழி. யாரும் தடைபோடவில்லை. ஃபுண்டமென்டோவின் முன்னுரை திறந்துவைத்த அந்தக் கதவு வழியாகப் புது வடிவம் உள்ளே வந்து உட்கார்ந்தது, பழையது மூலைக்குப் போயிற்று. ஆனால் முழுக்கச் சாகவில்லை. 'கோரோ' என்றால் இதயம், 'ஹோரோ' என்றால் ஒரு மணிநேரம், 'ஃகோரோ' என்றால் பாடகர் குழு. இதில் உரசலை விட்டால் பாடகர் குழு இதயத்தோடு குழம்பும். அதனால் அங்கே மட்டும் ஒலி பிழைத்திருக்கிறது. எதிரொலிக்கு 'எஃகோ', செக் நாட்டவருக்கு 'செஃகோ'. உரசல் போனால் முன்னது 'தொடக்கம்' ஆகும், பின்னது வங்கிச் செக் ஆகும். குழப்பம் வரும் இடத்தில் காப்பாற்றுவது, வராத இடத்தில் உதறுவது. பேசுகிற வாய்கள் இவ்வளவு கறாராகச் செய்ததை எந்தச் சீர்திருத்தக் குழுவும் செய்யவில்லை.

சொல்லாக்கத்திலும் இப்படித்தான். ஸாமென்ஹோஃபின் மிகப் பெரிய சிக்கனம் 'மல்' என்ற முன்னொட்டு. 'போனா' நல்ல, 'மல்போனா' கெட்ட. 'வார்மா' சூடான, 'மல்வார்மா' குளிர்ந்த. 'அமீகோ' நண்பர், 'மல்அமீகோ' பகைவர். பாதி அகராதி மிச்சம். நாம் ஆஸ்பத்திரி என்று ஒரே மூச்சில் சொல்வது அங்கே 'மல்ஸானுலேயோ': 'ஸான்' நலம், 'மல்' அதற்கு மறுதலை, 'உல்' அப்படி இருக்கும் ஆள், 'ஏய்' அவர் இருக்கும் இடம், 'ஓ' பெயர்ச்சொல். ஐந்து துண்டும் பளிச்சென்று தெரியும், ஒருதடவை கேட்டால் போதும். ஆனால் கவிஞனுக்கு இது ஆகவில்லை. குளிரைச் சொல்லும்போதெல்லாம் சூட்டையும் கூடவே இழுத்துவர வேண்டியிருக்கிறது. அவர்கள் 'ஃப்ரீதா' குளிர்ந்த, 'ஓல்தா' முதிய, 'கூர்த்தா' குட்டையான என்று தனிச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். சொற்களைப் பெருக்காதே என்று எதிர்முகாம். சுவிட்சர்லாந்தின் க்ளோத் பிரோன், உளவியலாளர், ஐ.நா.வில் மொழிபெயர்த்தவர், 1989-இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். சண்டை தீரவில்லை. பாட்டில் 'ஃப்ரீதா', பேச்சில் 'மல்வார்மா' என்று மொழி தானே பங்கு பிரித்துக்கொண்டது.

பதினாறு விதி என்பது விளம்பரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கோம்பி' தலைவாருவது, சீப்பு அதற்கான கருவி, ஆகவே 'இல்' என்ற கருவி ஒட்டுச் சேர்த்து 'கோம்பிலோ'. சரி, 'ப்ரோஸி' பிரஷ்ஷால் தேய்ப்பது, அப்படியானால் பிரஷ் 'ப்ரோஸிலோ'வா? இல்லை, வெறும் 'ப்ரோஸோ'. காரணம், 'கோம்ப்' என்ற வேர் பிறப்பிலேயே செயல், 'ப்ரோஸ்' பிறப்பிலேயே பொருள். வேருக்கு ஒரு சாதி உண்டு என்று பதினாறு விதியில் எங்கும் இல்லை. மொழியியலாளர் ஃபெர்டினான் த சோஸ்யூரின் தம்பி ரெனே, கணிதக்காரர், எஸ்பெராண்டோவில் சொல் எப்படிக் கூடுகிறது என்று நூலே எழுதினார். படைத்தவர் அனிச்சையாகச் செய்ததைப் பின்வந்தவர்கள் இலக்கணமாகக் கண்டுபிடித்தார்கள்.

ஸாமென்ஹோஃப் 1917-இல் காலமானார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் நாஜிகள் கொன்றார்கள்: ஆதாம் 1940-இல் சுடப்பட்டார், ஸோஃபியாவும் லிதியாவும் 1942-இல் ட்ரெப்லிங்காவில். ஹிட்லர் எஸ்பெராண்டோவை யூதச் சதி என்றார். ஸ்டாலின் 1937-38-இல் சோவியத் எஸ்பெராண்டோக்காரர்களை ஒற்றர்கள் என்று பிடித்துச் சுட்டார்.

மிஞ்சியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேசப் பேச, ஒட்டுப்பட்டறையில் செய்யமுடியாத சொற்களும் வந்தன. மாநாட்டில் எஸ்பெராண்டோவை விட்டுத் தாய்மொழியில் அரட்டை அடிப்பதற்கு 'க்ரொக்கொதீலி', முதலைத்தனம் பண்ணுவது. 'கபேயி' என்று இன்னொன்று. காஸிமியெர்ஸ் பைன் என்பவர், அவரும் போலந்துக் கண் மருத்துவர்தான், 'கபே' என்ற புனைபெயரில் எழுதிய அருமையான உரைநடையாளர். 1911-இல் இயக்கத்தைவிட்டுச் சட்டென்று வெளியேறினார். அதிலிருந்து யார் திடீரென்று மறைந்தாலும் 'கபேயிஸ்' என்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது வெளிச்சொல்லையே எடுத்துக்கொள்வதா என்று கொஞ்ச காலம் இழுபறி. கணக்கிடுவதோடு கருவி ஒட்டைச் சேர்த்த 'கொம்புத்தீலோ' ஜெயித்தது.

'ன்'னுக்கு இப்போது புது எதிரி குழந்தைகள். எஸ்பெராண்டோவில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்கு அது பிறந்த வீட்டு மொழி. அப்படி வளர்கிற பிள்ளைகளைப் பற்றி பெஞ்சமின் பெர்கன் என்ற மொழியியலாளர் 2001-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று ஒரே வரிசையைப் பிடித்துக்கொண்டு, 'ன்'னைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள் என்று அதில் காட்டியிருந்தார். பெற்றோர் ஃபுண்டமென்டோவின்படி பேசுகிறார்கள், பிள்ளைகள் 1894 திட்டத்தின்படி பேசுகிறார்கள். இதற்கிடையே ஆண்பெயரோடு 'இன்' சேர்த்துப் பெண்பெயர் செய்வது, 'பாத்ரோ' அப்பா, 'பாத்ரீனோ' அம்மா, என்ற ஏற்பாட்டை இளைஞர்களில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. 'அவர்' என்று பால் காட்டாமல் சொல்ல 'ரி' என்ற சுட்டைப் புழங்குகிறார்கள், 'இன்'னுக்குச் சமமாக ஆணுக்கு 'இச்' என்று தனி ஒட்டும் வேண்டும் என்கிறார்கள். அடிப்படை நூலில் இரண்டும் கிடையாது. இவற்றை யாரும் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகவில்லை, பேசுகிறார்கள்.